இரவில் மினியேச்சர் தீட்ட எனக்குச் சரிப்பட்ட விளக்கு

28 மில்லிமீட்டர் உயரப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது எனக்கு உயிர். வேலை முடிந்து இரவில்தான் உட்கார முடியும். அறை வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்த முகம், காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் இருக்கும்.

பல்பு வாங்கும்போது எல்லோரும் வாட்ஸைத்தான் பார்க்கிறோம். வண்ண வேலைக்கு முக்கியம் சிஆர்ஐ. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்குப் போடும் மதிப்பெண் அது. வீட்டு எல்இடிகள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே வரும். அவற்றில் முதலில் அடிபடுவது அடர்சிவப்பு. சிவப்பு மங்கித் தெரிவதால் கை தானாகக் கூடுதல் சிவப்பைக் கலந்துவிடும். 90-க்கு மேல் சிஆர்ஐ, 5000 கெல்வின் என்று அச்சிட்ட பல்பு வாங்கினேன். கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும். கடைகளில் 'கூல் டேலைட்' என்று தருவது பெரும்பாலும் 6500. அதில் கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும்.

அப்புறம் நிழல். ஒற்றை விளக்கென்றால் தூரிகையின் நிழல் சரியாகக் கண்மணி வைக்கும் இடத்தில் விழும். கழுத்து வளையும் மேசை விளக்குகள் இரண்டை இடமும் வலமுமாக, கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தேன். மெட்டாலிக் பெயின்ட் கண்ணைக் குத்தியதால், ஒரு விரல் இடைவெளி விட்டு டிரேசிங் பேப்பர் மறைப்பு வைத்தேன். எல்இடிக்கு இது சரி, குண்டு பல்புக்குச் செய்யவே கூடாது. அதன் சூட்டில் தட்டிலுள்ள அக்ரிலிக்கும் சீக்கிரம் காய்ந்துவிடும்.