ஐந்து இரவில் ரோமும் ஃபுளோரன்ஸும்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வார லீவில் இத்தாலி போகிறவர்களில் பலர் ரோம், ஃபுளோரன்ஸ் என்ற ஜோடியைத்தான் பிடிக்கிறார்கள். நல்ல ஜோடிதான். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரச் சொச்சம். ஒன்று பேரரசர்களும் போப்பாண்டவர்களும் கட்டிய ஊர். மற்றது வட்டிக்கடைக்காரர்களும் கம்பளி வியாபாரிகளும் கட்டிய ஊர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகவே புரியும்.

சிக்கல், திட்டம் போடும் முறையில் இருக்கிறது. கொலோசியம், வத்திக்கான், டேவிட் சிலை, உஃபிசி ஓவியக்கூடம் என்று முதலில் இடங்களை எழுதுகிறோம். பிறகு நாட்களைப் பங்கு போடுகிறோம். எந்தக் கிழமை எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறோம், பல சமயம் பார்ப்பதே இல்லை. ஐந்தாறு நாள் பயணத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கிழமை, அப்புறம் ஊர், அதற்கும் அப்புறம்தான் இடங்கள்.

ஞாயிறு ரோமில், திங்கள் ஃபுளோரன்ஸில்

இதைவிடக் கெட்ட கூட்டு கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவு விமானம் ஏறுகிறவர்களுக்கு இதுதான் இயல்பாக அமைகிறது. சனிக்கிழமை ரோமில் இறங்கி, களைப்பில் அன்றைய பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று கிளம்பினால் பூட்டியிருக்கும். சரி, திங்கட்கிழமை ஃபுளோரன்ஸ் போய்விடலாம் என்றால் அங்கே உஃபிசியும், டேவிட் சிலை இருக்கும் அகாதெமியாவும் இரண்டுமே விடுமுறை. போட்டிச்செல்லியின் வீனஸ் ஓவியமும் மைக்கேலாஞ்சலோவின் டேவிடும் கதவுக்குப் பின்னால் இருக்க, நீங்கள் தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றில் ஒரு விதிவிலக்கு உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்பதால் வரிசை மதில் சுவரைச் சுற்றி வளைந்துகொண்டே போகும். உஃபிசி, அகாதெமியா, கொலோசியம் போன்ற அரசு இடங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அங்கும் அதே கதை. சில யூரோ மிச்சம் பிடிக்க அரைநாளை வரிசையில் விடுவது குறுகிய பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

இவை தவிர வத்திக்கானுக்கென்று தனி விடுமுறைகளும் இருக்கின்றன. ஜூன் 29 புனித பேதுரு, பவுல் திருநாள். அன்று ரோம் நகருக்கே விடுமுறை. புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பது வழக்கம். அது சதுக்கத்தில் நடக்கும்போது மதியம் வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் போவது கடினம். போப்பைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதுவே நல்ல நாள். மற்றவர்கள் புதனைத் தவிர்க்கலாம்.

இறங்கின ஊரிலேயே முதலில் தங்குவது

சென்னையிலிருந்து இத்தாலிக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாகத்தான் பெரும்பாலோர் போகிறார்கள், பலர் ரோமுக்கே போகவர டிக்கெட் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவர்கள் ரோமில் இரண்டு இரவு, ஃபுளோரன்ஸில் இரண்டு இரவு, விமானத்துக்காக மறுபடி ரோமில் ஓர் இரவு என்று பிரிக்கிறார்கள். மூன்று ஹோட்டல், மூன்று முறை பெட்டி கட்டல்.

இதற்குப் பதில் இறங்கிய கையோடு ஃபுளோரன்ஸ் போய்விடுங்கள். ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் ரோமின் டெர்மினி நிலையத்தில் விடும். அங்கிருந்து ஃபுளோரன்ஸ் ரயில். தூக்கத்தை ரயிலில் போட்டுக்கொள்ளலாம். ஃபுளோரன்ஸ் சின்ன ஊர், நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடை. களைப்போடு முதல் மாலையைக் கழிக்க ரோமைவிட எவ்வளவோ தோது.

சனிக்கிழமை இறங்குகிறவர்களுக்கு இந்த மாற்றம் கிழமைச் சிக்கலையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறது. சனி மாலை ஃபுளோரன்ஸ். ஞாயிறு உஃபிசியும் அகாதெமியாவும் திறந்திருக்கும். திங்கள் காலை அவை இரண்டும் மூடியிருக்கும்போது நீங்கள் ரோம் ரயிலில் இருப்பீர்கள். திங்கள் பிற்பகல் கொலோசியம், அது வாரம் முழுக்கத் திறந்திருக்கும். செவ்வாய் வத்திக்கான். கடைசி இரவும் ரோமிலேயே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் அதிசயமில்லை. விமானம் ஏறும் அன்று காலையில் ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்புவது சூதாட்டம்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ரோமில் இறங்கி, பொலோனியாவிலோ மிலனிலோ விமானம் ஏறுவது. ஃபுளோரன்ஸிலிருந்து பொலோனியா அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள், மிலன் இரண்டு மணி நேரம். திரும்பி வந்த வழியே போக வேண்டாம். ஃபுளோரன்ஸுக்கும் விமான நிலையம் உண்டு. ஆனால் ஓடுபாதை சின்னது, நீண்டதூர விமானங்கள் வராது, காற்று சரியில்லாத நாளில் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதும் நடக்கும்.

விசா விஷயத்தில் ஒன்று. ஷெங்கன் விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டமும் ஹோட்டல் புக்கிங்கும் காட்ட வேண்டும். அவசரத்தில் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த வரிசையே கடைசியில் உண்மையான பயணமாகிவிடுகிறது. ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்பதால், காலண்டரைப் பார்த்து வரிசையை முடிவு செய்துவிட்டே புக்கிங் போடுங்கள், அதையும் ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே போடுங்கள்.

ஒன்றரை மணி நேரம் என்பதை அப்படியே நம்புவது

ரயில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி அடுத்த ஹோட்டலைத் தேடுவது, பிற்பகலில்தான் அறை கிடைக்கும் என்பதால் பெட்டியை எங்காவது வைப்பது என்று கூட்டினால் அரைநாள் போய்விடும். ஊர் மாறும் நாளில் நேரம் குறித்த டிக்கெட் எதுவும் காலையில் வைக்காதீர்கள். அதே காரணத்தால்தான் மூன்றாவது ஊர் வேண்டாம் என்கிறேன். ‘வெனிஸும் பக்கம்தானே’ என்று ஆரம்பிப்பார்கள். வரைபடத்தில் பக்கம்தான். ஐந்து இரவில் மூன்று ஊர் பார்க்கிறவர் அதிகம் பார்ப்பது ரயில் நிலையங்களை.

ஒரே நாளில் ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போய்த் திரும்புவதும் முடியும். ஆனால் ஃபுளோரன்ஸின் அழகே பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான். மாலையில் பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ மேட்டில் ஏறி நின்றால் ஆர்னோ ஆறும், 1345-இல் கட்டிய போன்டே வெக்கியோ பாலமும், பேராலயத்துக்குப் புருனெல்லெஸ்கி கட்டிய செங்கல் குவிமாடமும் ஒரே பார்வையில் விழும். பகல் பயணிகள் அந்த நேரத்தில் நிலையத்தில் நிற்பார்கள். இரண்டு இரவாவது அங்கே கொடுங்கள். ரோமுக்கு மூன்று.

ரயிலில் இன்னும் சில சறுக்கல்கள். அறிவிப்புப் பலகையில் உங்கள் ஊரின் பெயரைத் தேடாதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரைத்தான் பெரிதாகப் போடுவார்கள்; ஃபுளோரன்ஸ் ரயில் மிலன் என்றோ வெனிஸ் என்றோ நிற்கும். ரயில் எண்ணைப் பாருங்கள். ஃபுளோரன்ஸை அங்கே ஃபிரென்ஸே என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா, பலகையில் எஸ்.எம்.என். என்று சுருக்கமாக இருக்கும். கம்போ தி மார்த்தே என்று இன்னொரு நிலையமும் உண்டு, அது மையத்திலிருந்து விலகியது. ரோமிலும் டெர்மினி, டிபுர்டினா என்று இரண்டு இருப்பதால் டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிவேக ரயிலை டிரெனிடாலியா, இடாலோ என இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும், ஆனால் மிக மலிவான டிக்கெட்டில் ரயிலை மாற்ற முடியாமல் போகலாம். விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் மாற்றக்கூடிய டிக்கெட் எடுத்து, இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். சாதாரண வட்டார ரயில் இன்னும் மலிவு. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் எடுக்கும். அதற்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால் அபராதம். ‘தெரியாது’ என்பது அங்கே எடுபடாது.

போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை

கொலோசியம் டிக்கெட் வழக்கமாக 30 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். கீழ்த்தள அறைகளையும் பார்க்கும் டிக்கெட் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள பழைய இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலத்தீன் குன்றும் அடக்கம் என்பதைத் தெரியாமல் கொலோசியத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. சீசரை எரித்த இடம் ஃபோரத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் இருட்டுவதற்கு முன்பே, மாலை நாலரை வாக்கில் மூடிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபுளோரன்ஸில் முன்பதிவு கட்டாயம் தேவைப்படுவது குவிமாடம் ஏறத்தான். 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்துத்தான் விடுவார்கள். பேராலயத்தின் உள்ளே போவது இலவசம், அதனால் வாசலில் எப்போதும் நீண்ட வரிசை. என் அபிப்பிராயத்தில் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. வெளிப்புறத்தின் பளிங்கு வேலையைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் வெறிச்சென்று இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பின்னாலுள்ள பேராலய அருங்காட்சியகத்தில் செலவிடலாம். பேராலயத்துக்கு எதிரிலுள்ள ஞானஸ்நான மண்டபத்துக்காகச் சிற்பி கிபெர்த்தி செய்த பொன் கதவுகளின் அசல் அங்கேதான் இருக்கிறது, மண்டபத்தில் இருப்பது நகல்.

டேவிட் சிலைக்கும் நகல் உண்டு. சிஞோரியா சதுக்கத்தில் நிற்பது அதுதான். அசலை 1873-இல் அகாதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அகாதெமியாவுக்கு ஒரு மணி நேரம் போதும். உஃபிசிக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். ஓவியத்தில் ஈடுபாடு இல்லாதவர்கள் ஊருக்காக உஃபிசிக்குள் போய்க் கால் வலிக்க நடக்க வேண்டியதில்லை. அதன் பின்புறத்திலேயே கலிலியோ அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய தொலைநோக்கிகளும், கண்ணாடிக் குடுவைக்குள் அவருடைய விரலும் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது நூறு மடோன்னா (மேரி மாதா) ஓவியங்களைவிட நினைவில் நிற்கும். திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

வத்திக்கானில் பலர் குழம்புவது, அருங்காட்சியகமும் பேராலயமும் ஒரே நுழைவு என்று நினைப்பதில். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரை ஓவியம், காசு கட்டிப் போகும் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அவருடைய பியெத்தா சிலை, இலவசமான பேராலயத்துக்குள். இரண்டு வாசலும் வேறு, இடையே மதிலைச் சுற்றிக் கால் மணி நேர நடை. தோளும் முழங்காலும் மூடிய உடை இரண்டுக்கும் வேண்டும். டிக்கெட்டை வத்திக்கானின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வருபவை பல இடைத்தரகர்கள். அவர்களிடம் வாங்கினால் அதே நுழைவுக்குக் கூடுதல் விலை.

காரும் சாப்பாடும்

இந்த இரண்டு ஊருக்கும் கார் வேண்டாம். இரண்டின் பழைய மையத்திலும் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக்கூடாத பகுதிகள் இருக்கின்றன. தடுப்பு எதுவும் இராது, கேமரா படம் பிடிக்கும். நீங்கள் ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு அபராதம் வரும், வாடகை நிறுவனத்தின் கட்டணம் அதற்கு மேல். பல முறை தெரியாமல் நுழைந்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட அபராதமும் வரலாம்.

சைவர்களுக்கு இத்தாலி எளிது என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்களில் கார்பொனாராவிலும் அமாத்ரிசியானாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி இருக்கும். காச்சோ எ பெப்பே, அதாவது பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்ந்தது, பார்வைக்குச் சைவம்தான். ஆனால் அதில் போடும் பெகொரினோ ரொமானோ என்ற பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைக்கிறார்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குக் கன்றின் நொதி. இதைப் பொருட்படுத்துகிறவர்கள் பீட்சாவில் மரினாரா கேட்கலாம்: தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய், பாலாடைக்கட்டியே கிடையாது. ஃபுளோரன்ஸில் ரிபொல்லித்தா என்று ரொட்டியும் அவரை வகையும் கருங்கீரையும் போட்ட கெட்டியான சூப் கிடைக்கும். இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே வரும் ரொட்டியில் உப்பே இருக்காது. ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்தில் வழக்கமே அப்படி.

இரவு உணவுக்கு ஏழரைக்கு முன் போனால் பல கடைகளில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். பில்லில் ஆளுக்கு ஓரிரு யூரோ மேசைக் கட்டணம் சேர்ந்திருந்தால் அது வழக்கம்தான், சண்டைக்குப் போக வேண்டாம். ஹோட்டலிலும் அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி கேட்பார்கள். நட்சத்திரம் கூடக் கூட அதுவும் கூடும். இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதைத் தனியாக வாங்குவார்கள், நாலு பேர் குடும்பத்துக்கு ஐந்து இரவில் அது நூறு யூரோவைத் தாண்டிவிடக்கூடும் என்பதால் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.