கண்ணாடி செய்யக் கொடுக்கும் முன் பவர் சீட்டைப் படிப்பது எப்படி

1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பரிசோதித்துக்கொண்டாலும், வீட்டருகே உள்ள கண்ணாடிக் கடையில் பார்த்துக்கொண்டாலும், கையில் கிடைக்கும் பவர் சீட்டின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஓ.டி. என்பது வலக்கண், ஓ.எஸ். என்பது இடக்கண். ஸ்பியர் கட்டத்தில் கழித்தல் குறி இருந்தால் கிட்டப்பார்வை, கூட்டல் குறி இருந்தால் தூரப்பார்வை. பெரும்பாலும் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால் தேவைப்படுவது சிலிண்டர். அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதை 1 முதல் 180 வரையிலான ஆக்சிஸ் எண் சொல்கிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துக்காகக் கூட்டப்படுவது ஆட்.

இரண்டு இடங்களில் வாங்கிய சீட்டுகள் முரண்படுவதாகத் தோன்றினால் உடனே கலங்க வேண்டாம். −2.00, −1.00, 180 என்பதும் −3.00, +1.00, 90 என்பதும் ஒரே லென்ஸைத்தான் குறிக்கின்றன. ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிஸை 90 திருப்பினால் முதலாவது இரண்டாவதாகிவிடும்.

சீட்டில் பல நேரங்களில் எழுதப்படாமல் விடுபடுவது பி.டி. எனப்படும் கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: −5.00 பவர் லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 4 மில்லிமீட்டர் விலகினால், அந்த லென்ஸ் 2 டயாப்டர் அளவுக்குப் பிரிஸமாக, அதாவது ஒளியைத் திருப்பிப் பிம்பத்தை இடம் மாற்றிக் காட்டும் பட்டகமாக, வேலை செய்யும். பவர் சரியாக இருந்தும் தலைவலி வருவது இப்படித்தான். எனவே இணையத்தில் வாங்குவோர், பரிசோதனையின்போதே பி.டி.யை அளந்து எழுதித் தரும்படி கேட்பது நல்லது. தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் பிராக்ரசிவ் லென்ஸுக்கோ இது போதாது. தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் பொருத்திய பிறகு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பி.டி.யும் கண்மணியின் உயரமும் குறிக்கப்பட வேண்டும் என்பதால், அதை நேரில் சென்று வாங்குவதே சரி. சென்னை வெயிலில் வியர்த்துக் கண்ணாடி மூக்கிலிருந்து சற்று இறங்கினாலும் அந்த உயரம் மாறிவிடும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குத் தாங்கிகள் உள்ள ஃபிரேம் இதற்கு உதவும்.

ஃபிரேமின் காதுக்கம்பியில் உட்புறம் 52, 18, 140 என்பதுபோல் எண்கள் இருக்கும். முறையே லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம். முதல் இரண்டின் கூட்டுத்தொகையான 70 உங்கள் பி.டி.க்கு எவ்வளவு நெருங்குகிறதோ, அந்த அளவுக்கு மைனஸ் லென்ஸின் வெளி ஓரம் மெல்லியதாக அமையும். பவர் அதிகமுள்ளவர்கள் விலை உயர்ந்த மெல்லிய லென்ஸைக் கேட்கும் முன் சிறிய ஃபிரேமைப் போட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடி தயாரானதும், கடையிலுள்ள லென்சோமீட்டர் என்ற, லென்ஸை அளக்கும் கருவியில் வைத்துப் பவரையும் ஆக்சிஸையும் லென்ஸ் மையங்களின் இடைவெளியையும் உங்கள் முன்னே சரிபார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுக்கலாம்.