மஜோராஸ் மாஸ்க்: முயல் காதை முதலிலேயே வாங்கிவிடுங்கள்

2000ஆம் ஆண்டு வெளியான ‘மஜோராஸ் மாஸ்க்’ என்ற செல்டா வீடியோ விளையாட்டில் கையில் இருப்பது மூன்றே நாட்கள்; நேரம்தான் பெரிய எதிரி. ‘பன்னி ஹூட்’ என்ற முயல் காது முகமூடியை அணிந்தால் நாயகன் லிங்க் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுவான். தாவும் தூரமும் கூடும்.

முதல் நாள் இரவு, கிளாக் டவுன் நகரத்தின் லாண்டரி பூல் பகுதியில் இசைத்துக்கொண்டிருக்கும் குரு-குரு என்ற இசைக்கலைஞனின் புலம்பலைக் கடைசிவரை கேளுங்கள். பிரெமன் முகமூடி கிடைக்கும். மூன்றாம் நாள் வழியடைத்த பாறை அகன்றதும் ரோமானி பண்ணைக்குப் போய், கோழிக்கொட்டகையில் அதை அணிந்து பி பட்டனை அழுத்திப் பிடித்தபடி நடங்கள். பத்துக் குஞ்சுகளும் வரிசையாகப் பின்தொடர்ந்து, சேவல்களாகிவிடும். கொட்டகையில் இருக்கும் க்ராக் என்பவனிடம் பேசினால் முயல் காது உங்களுடையது.

காலத்தைப் பின்னோக்கித் திருப்பி முதல் நாளுக்கே போனாலும் அது பறிபோகாது. அணிந்தபடியே வாளும் வீசலாம் என்பதால் கழற்றவே மனம் வராது. டெக்கு, கோரோன், சோரா போன்ற வேறு உருவங்களுக்கு லிங்க் மாறியிருக்கும்போது மட்டும் பயன்படாது.