தொட்டிக் கறிவேப்பிலையில் கொழுந்து வெளுத்தால்

இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் களராகி, அதாவது காரத்தன்மை ஏறிவிட்டதால் வேரால் எடுக்க முடியாது. அடி இலை வெளுத்தால் கதை வேறு: தழைச்சத்து (நைட்ரஜன்) குறை.

முதலில் அடித்துளை அடைப்பைக் குத்தி எடுத்தேன். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), அரை எலுமிச்சைச் சாறு. கலந்த உடனே, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். பத்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை. (டைல்ஸில் சிந்தினால் துருக்கறை போகாது.) பழைய இலை முழுதாகத் தேறாது, புதுக் கொழுந்தைப் பாருங்கள். புளித்த மோர் மட்டும் எனக்குப் போதவில்லை.

பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். இலையை உருவாமல் நுனியோடு வெட்டினால் பக்கக் கிளை வெடிக்கும்.