மாதா மாதம் விழும் துண்டு: இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கப்போகிறவர்களுக்கு

அகதிக் கேஸ் முடிந்து வீசா கிடைத்த கையோடு நான் போட்ட முதல் விண்ணப்பம் யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதா மாதம் தரும் உதவிப் பணம். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே வந்தது. ஆனால் வாடகைக்கென்று அதில் போட்டிருந்த தொகை, வீட்டுக்காரருக்கு நான் கொடுக்க வேண்டியதைவிட 200 பவுண்டுக்கு மேல் குறைவு. ஃபாரத்தை நான்தான் பிழையாக நிரப்பிவிட்டேன் என்று நினைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கடையில் இரவு வேலையைக் கூட்டிக் கேட்டு வாங்கினேன். அப்படிக் கூடுதலாகக் கைக்கு வந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவிப் பணத்தில் வெட்டுப்படும் என்பதும் அப்போது தெரியாது. ஐந்து மாதம் கழித்து ஒரு இலவச ஆலோசனை மையத்தில் என் கடிதத்தைப் பார்த்த பெண்மணி சொன்னார்: "ஃபாரத்தில் ஒரு பிழையும் இல்லை. தருவதே இவ்வளவுதான்."

அந்த ஐந்து மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீசாவைப் பாருங்கள்

படிக்க வந்தவர்கள், ஸ்கில்டு வொர்க்கர் வீசாவில் வேலைக்கு வந்தவர்கள், கணவன் அல்லது மனைவி வீசாவில் வந்தவர்கள் ஆகியோரின் வீசாவில் பெரும்பாலும் 'பொதுப்பணம் பெற முடியாது' என்ற நிபந்தனை இருக்கும். அப்படியானால் யூனிவர்சல் கிரெடிட், கவுன்சில் வீடு (உள்ளூராட்சி மன்றம் குறைந்த வாடகைக்குத் தரும் வீடு) இரண்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். "சும்மா போட்டுப் பார், கிடைத்தால் லாபம்தானே" என்று சொல்கிறவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் வீசாவுக்கே ஆபத்து. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் வாடகைதாரருக்கான பாதுகாப்புகள் வேறு விஷயம். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். இதைக் கேட்க எந்த வீசாவும் தடையில்லை.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அரசு எவ்வளவு தரும் என்பதை லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற கணக்கு தீர்மானிக்கிறது. சுருக்கமாக எல்.எச்.ஏ. உங்கள் பகுதியில் இரண்டு அறை வீடுகள் நூறு வாடகைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைந்த வாடகையிலிருந்து வரிசையாக நிறுத்துங்கள். 2008இல் இந்த முறை நாடு முழுவதும் வந்தபோது ஐம்பதாவது வீட்டின் வாடகைதான் உச்சவரம்பு. 2011இல் அதை முப்பதாவது வீட்டுக்கு இறக்கினார்கள். அதாவது நூறில் எழுபது வீடு உங்கள் கணக்கை மீறியது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 2016 முதல் 2020 வரை தொகையை உறைய வைத்தார்கள். 2020இல் திரும்ப முப்பதாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி நான்கு வருடம் அசைக்கவில்லை. 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் மீண்டும் தொடவில்லை. இடையில் வாடகை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உங்கள் வீட்டில் துண்டு விழுவது இந்த இடைவெளியால்தான். வாடகைதாரர் அமைப்புகள் கேட்பதும் பெரிய சலுகை ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அன்றைய உண்மையான வாடகையோடு இதைக் கட்டிவை என்கிறார்கள், அவ்வளவுதான்.

நடைமுறைக்கு வருவோம். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே அரசின் இணையதளத்தில் அந்த வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டு எல்.எச்.ஏ. எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு எத்தனை படுக்கையறை என்பதைப் பொறுத்து அது மாறும். கணவன் மனைவிக்கு ஒரு அறை, 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அறை, 10 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு அறை, 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலினத்துப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு அறை: இப்படித்தான் எண்ணுவார்கள். எத்தனை பேர் இருந்தாலும் நான்கு அறைக்கு மேல் கணக்கில்லை. தனியாக இருக்கும் 35 வயதுக்குட்பட்டவருக்குப் பொதுவாகப் பகிர்ந்திருக்கும் வீட்டில் ஒரு அறைக்கான தொகை மட்டுமே.

இதற்கு மேல் இன்னொரு மூடியும் உண்டு, பெனிஃபிட் கேப் என்பார்கள். அரசு உதவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்டக் கூடாது என்பதுதான் அது. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ட், வெளியே 22,020 பவுண்ட் என்று 2023இல் வைத்தார்கள். ஓரளவுக்கு மேல் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. பிள்ளைகளோடு வேலை இல்லாமல் இருக்கும் குடும்பங்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. என்னைக் கேட்டால் இந்த மூடிக்கு நியாயமே இல்லை. வாடகை இருக்கிற இடத்திலேயே இருக்க, உதவியை மட்டும் வெட்டுவதால் எந்த வீடும் மலிவாகிவிடவில்லை.

துண்டு விழுந்தால் கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள். வாடகை நெருக்கடியில் இருப்பவர்களுக்கென்று அவர்களிடம் தனியாகக் கொஞ்சம் நிதி இருக்கும். தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்காதவர்களுக்கு மட்டும் நிச்சயமாகக் கிடைக்காது.

வீட்டுக்காரரும் நம்மவராக இருந்தால்

இது கொஞ்சம் சங்கடமான விஷயம். முதல் அறையை நம்மில் பலர் தெரிந்த தமிழர் வீட்டில்தான் எடுக்கிறோம். எழுத்து இல்லை, ரசீது இல்லை, பணம் கையோடு கை. "லெட்டர் எல்லாம் கேட்காதே தம்பி, எனக்கு டாக்ஸ் பிரச்சினை வரும்" என்பார். எழுத்தில் எதுவும் இல்லாமல் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கைக் கேட்பது பெரும்பாடு. சொந்த அண்ணன் வீட்டில் அவரோடு இருந்துகொண்டு அவருக்கே வாடகை கொடுத்தால் அந்தப் பங்கே கிடையாது. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் கீழே சொல்லும் புதிய சட்டமும் உங்களைக் காக்காது. நன்றியை மறக்கச் சொல்லவில்லை. ஒரு தாளில் பெயர், முகவரி, வாடகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவதில் நன்றி எங்கும் குறைந்துவிடாது.

"பெனிஃபிட் எடுப்பவர்களுக்கு வீடு இல்லை" என்று ஏஜென்ட் முகத்துக்கு நேரே சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2020இல் யார்க் நீதிமன்றம் அப்படி மொத்தமாக மறுப்பது சட்டவிரோதமான பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்டர் என்ற அமைப்பின் துணையோடு ஒரு வாடகைதாரர் நடத்திய வழக்கு அது. 2025இல் வந்த ரென்டர்ஸ் ரைட்ஸ் (வாடகைதாரர் உரிமைகள்) சட்டம் அதையே எழுத்தாக்கியிருக்கிறது. பிள்ளைகள் இருப்பதைக் காட்டி மறுக்கவும் முடியாது. 2026 மே 1 முதல், காரணமே சொல்லாமல் வெளியே போகச் சொல்லும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் இல்லை. வாடகையை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஏற்ற முடியாது, அதற்கும் இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். ஏற்றியது சந்தை நிலவரத்தை மீறியிருந்தால் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக்காரர் கேட்டதைவிட அதிகமாக அவர்கள் போட முடியாது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

கவுன்சில் வீடு என்ற காத்திருப்பு

பெயரைப் பதிந்துவிடுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் சுமார் 13 இலட்சம் குடும்பங்கள் பட்டியலில் இருக்கின்றன. பல கவுன்சில்கள் சில வருடங்களாவது அந்தப் பகுதியில் வசித்திருக்க வேண்டும் என்கின்றன. 1980இல் வந்த சட்டம் குடியிருப்பவருக்கே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. இதுவரை ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகள் விற்றாயிற்று. அதே வேகத்தில் யாரும் புதிதாகக் கட்டவில்லை. ஒரு காலத்தில் கவுன்சிலுக்குச் சொந்தமாக இருந்த ஃபிளாட்டை இன்று தனியாரிடம் இரட்டை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகைக்கு அரசிடமே உதவி கேட்டு நிற்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் காசில் வீடு கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களைத்தான் இங்கே சமூக வீட்டுக்காகப் போராடுகிறவர்கள் என்கிறார்கள்.

ஒரு சொல்லில் ஏமாறாதீர்கள். 'சோஷல் ரென்ட்' என்றால் உண்மையிலேயே மலிவு, பல இடங்களில் சந்தை வாடகையில் பாதிதான். 'அஃபோர்டபிள் ரென்ட்' என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். உங்கள் பகுதியில் புதிய கட்டடம் எழும்பும்போது இதில் எது என்று கேளுங்கள்.

யாரோடு சேர்வது

தனி ஆளின் பிரச்சினைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர், உள்ளூர் லா சென்டர் போன்ற இலவச ஆலோசனை மையங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையைப் பள்ளிக்கு விடுப்புப் போட வைத்து அழைத்துப் போகாதீர்கள். கூட்டாகச் செய்ய லண்டன் ரென்டர்ஸ் யூனியன், அக்கார்ன் போன்ற வாடகைதாரர் சங்கங்கள் இருக்கின்றன.

கூட்டம் சேர்ந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் கேட்டவன்தான். 1915இல் கிளாஸ்கோவில் மேரி பார்பர் என்ற பெண்ணும் அவரோடு சேர்ந்த குடும்பத் தலைவிகளும் ஏற்றிய வாடகையைத் தர மறுத்தார்கள். அந்த வருடமே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்னும் கிட்டத்தில் வாருங்கள். நம் ஆட்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இருக்கும் அதே கிழக்கு லண்டன் நியூஹாமில், 2013இல் விடுதியிலிருந்து வெளியேறச் சொன்ன இளம் தாய்மாரை மான்செஸ்டர், ஹேஸ்டிங்ஸ் என்று தொலைவுக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் ஃபோகஸ் ஈ15 என்ற பெயரில் திரண்டு, மறு வருடம் ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கத்தில் காலியாகக் கிடந்த கவுன்சில் ஃபிளாட்டுகளில் போய் உட்கார்ந்தார்கள். பேச்சு நாடு முழுவதும் போனது.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கை, இந்தியா, மலேசியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இங்கே தங்க அனுமதி இருக்கும் 18 வயது நிரம்பிய அந்த நாட்டுக் குடிமக்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே பாராளுமன்றத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கலாம். ஆன்லைனில் பதிய ஐந்து நிமிடம். எல்.எச்.ஏ.யைத் தீர்மானிப்பது பாராளுமன்றத்தில் இருப்பவர்கள், வீடு ஒதுக்குவது கவுன்சில். இரண்டு இடத்திலும் நீங்கள் வாக்காளர்.

பாராளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திக்க நாள் ஒதுக்குவார்கள், 'சர்ஜரி' என்று பெயர். வைத்தியசாலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவிலிருந்து மூன்று குடும்பங்கள் ஒன்றாகப் போனோம். பேசுவதற்கு ஆங்கிலம் போதவில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் யூனிவர்சல் கிரெடிட் கடிதத்தையும் ஜோடி ஜோடியாக மேசையில் வைத்தோம். மூவருக்கும் ஒரே அளவு வீடு, வாடகை மட்டும் வேறு வேறு. அரசு தந்த தொகை மூன்று கடிதத்திலும் பென்ஸ் பிசகாமல் ஒன்றாக இருந்தது. உதவியாளர் அதைத்தான் மூன்றிலும் அடிக்கோடிட்டு, நகல் எடுக்க எடுத்துப் போனார்.