கோஷ்டிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அலுவலகமோ, குடியிருப்போர் சங்கமோ, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவோ, இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள்: நீங்களும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தாயிற்று. நான் யார் பக்கமும் இல்லை என்பவர்கள்கூட யார் பேசும்போது தலையாட்டுகிறார்கள், யார் பேசும்போது போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் விஷயம் தெரிந்துவிடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு கூட்டத்தில் இருந்தாலே இது வரும், அது வருவதற்குப் பெரிய காரணம்கூடத் தேவையில்லை.

எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்பதை 1970களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். போலந்தில் பிறந்த யூதர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போலந்துக்காரர் என்று காட்டிக்கொள்ளாமல் கைதி முகாமில் உயிர்தப்பியவர். அவருக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. இங்கிலாந்தில் 14, 15 வயதுப் பையன்களுக்கு க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, உனக்கு இவர் பிடிக்கும், உனக்கு அவர் பிடிக்கும் என்று இரண்டாகப் பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். தன் குழுவில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பையனுக்கும் தெரியாது, தனக்கென்று காசு எடுத்துக்கொள்ளவும் முடியாது, முகம் தெரியாத மற்றவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அப்படியும் தன் பக்கத்துக்குத்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். இதைவிட முக்கியமானது இன்னொன்று: இரண்டு பக்கத்துக்கும் நல்ல தொகை கிடைக்கும் வழி இருந்தபோதும், தன் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தை முந்தினால் சரி என்ற கணக்கையே பல பையன்கள் போட்டார்கள்.

அதனால் சண்டையில் யார் சொல்வது நியாயம் என்று பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கு அங்கே ஓடுகிறதா என்று பாருங்கள். முன் கட்டடத்துக்காரர்களுக்கும் பின் கட்டடத்துக்காரர்களுக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் தகராறு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தாளில் படம் போட்டுக்கொண்டு வருகிறார், கோடுகளைச் சாய்வாகப் போட்டால் முன்பக்கம் நான்கு வண்டி கூடுதலாக நிற்கும், பின்பக்கம் ஆறு. எல்லோருக்கும் லாபம். ஆனால் முன் கட்டடத்தில் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று கேட்கிறார், சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், தாள் மடிக்கப்பட்டு ஓரமாகப் போகிறது. அந்த நொடியிலிருந்து அது வண்டிச் சண்டை இல்லை, யார் பெரியவர் என்ற சண்டை. அங்கே இன்னும் நல்ல படம் போட்டு எடுத்துப்போவதில் பயனில்லை. பின் கட்டடத்துக்காரர்கள் முன் கட்டடத்தை எப்போது மட்டமாகப் பேசினார்கள், எந்த முடிவை இவர்களிடம் கேட்காமல் எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பழைய மரியாதைக் குறைவு ஒன்று பெரும்பாலும் கிடைக்கும், அதற்கு முதலில் ஒரு வழி பண்ண வேண்டும்.

அடுத்து உங்கள் பக்கத்துக்குள்ளேயே பாருங்கள். எதிர்ப்பக்கத்து ஆளைவிட, நம் பக்கத்தில் இருந்துகொண்டு "அவங்க சொல்றதிலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு" என்று சொல்பவர்மீதுதான் கோபம் அதிகமாகப் பாயும். அப்படி ஒருவர் வாயைத் திறந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது, உடனே, எல்லோர் முன்னாலும், "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு" என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்தபின் தனியாகப் போய்த் தோளில் தட்டிக்கொடுப்பது கணக்கில் வராது. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனையில் ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், கண் இருக்கும் யாரும் சொல்லிவிடலாம். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னபோது, உண்மையில் சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தப்போடு ஒத்துப்போனது. சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆளைக் கூட உட்காரவைத்தார்கள், ஒத்துப்போவது சடாரென்று சரிந்துவிட்டது.

ரொம்பச் சத்தம் போடும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்ப்பக்கத்தை எல்லோரையும்விடக் கடுமையாகத் திட்டுபவர் பல நேரம் அந்தக் கோஷ்டியின் தலைவராக இருக்க மாட்டார், ஓரத்தில் நிற்பவராக இருப்பார், புதிதாக வந்தவராகவோ, நம்ம ஆளா இல்லையா என்று மற்றவர்கள் இன்னும் முடிவு பண்ணாதவராகவோ இருப்பார். திட்டுவதுதான் அவர் கட்டும் நுழைவுக் கட்டணம். ஒதுக்கப்படுவது அந்த அளவுக்கு வலிக்கும்: கணினியில் பந்து பாஸ் பண்ணும் சாதாரண விளையாட்டில் தனக்குப் பந்து வராமல் போனாலே மனம் வாடுகிறது, எதிரே விளையாடுவது வெறும் கணினி என்று சொன்ன பிறகும் வாடுகிறது என்று கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த ஆளிடம் வாதம் பண்ணாதீர்கள். கணக்கு எழுதுவது, கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது என்று கோஷ்டிக்குள் அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள், இடம் உறுதியானதும் சத்தம் தானாகக் குறைவதை நிறையப் பார்க்கலாம்.

சமாதானம் பண்ண நினைப்பவர்கள் எல்லோரும் செய்வது, இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது. அது மட்டும் போதாது. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளரின் குழுவினர் 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார்கள். கொடி எரிந்தது, ஒருவர் அறையில் ஒருவர் புகுந்து சூறையாடினார்கள். பிறகு சேர்ந்து சாப்பிடவைத்தால் சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். தண்ணீர் வரும் வழி அடைபட்டபோது, லாரி கிளம்ப மறுத்தபோது, இரண்டு அணியும் சேர்ந்து கைவைத்தால்தான் ஆகும் என்ற நிலை திரும்பத் திரும்ப வந்தபோதுதான் தணிந்தது. இதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் நடத்திய முகாமைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அதில் பையன்கள் முதலில் ஒன்றாகப் பழகிய பிறகுதான் பிரிக்கப்பட்டார்கள், பெரியவர்கள் எவ்வளவு மூட்டிவிட்டும் எதிர்பார்த்தபடி சண்டை வரவில்லை, முகாமைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு வெற்றிபெற்ற சோதனையைவிட இந்தத் தோல்விதான் பயனுள்ளதாகத் தெரிகிறது. ஆட்களைப் பிரித்து வேலை கொடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருந்தால், பிரிப்பதற்கு முன்னால் பழக விடுங்கள்.

"நாம எல்லாரும் ஒண்ணுதானே" என்று வட்டத்தைப் பெரிதாக்குவதும் வேலை செய்யும், ஆனால் புது வட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியின் ரசிகர்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் அணியைப் பற்றி எழுதவைத்துவிட்டு அனுப்பியபோது, வழியில் விழுந்து அடிபட்டவர் தங்கள் அணிச் சட்டை போட்டிருந்தால் உதவினார்கள், போட்டி அணியான லிவர்பூலின் சட்டை என்றால் பலர் நடந்துகொண்டே இருந்தார்கள். பொதுவாகக் கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி எழுதவைத்தபோது லிவர்பூல்காரருக்கும் உதவி கிடைத்தது. எந்த அணியையும் சேராத சாதாரணச் சட்டை போட்டவருக்கு அப்போதும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சண்டைக்குத்தான். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே சொன்ன நிபந்தனைகளில் ஒன்று, கலந்து பழகுவது பலன் தர வேண்டுமானால் அந்த இடத்தில் இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பது. ஒரு பக்கம் வேலை, இடம், சம்பளம் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்து "ஏன் இவ்வளவு கோபம், சிரித்துப் பேசலாமே" என்றால், அங்கே கைகுலுக்க வைப்பது சமாதானம் இல்லை, வாயை அடைப்பது. அந்த இடத்தில் யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று எழுத்தில் பட்டியல் போட்டு, முடிவெடுக்கும் ஆளின் மேஜையில் வையுங்கள். உங்கள் பக்கம் பிடித்துவைத்திருக்கும் பக்கமாக இருந்தால், அந்தப் பட்டியலில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.