கார்டு செத்தால் கேமைத் திட்டாதீர்கள்

கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டை சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் பாதிப்பேர் ‘கேம் ஆடினேன் சார், போயிடுச்சு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். 2021 ஜூலையில் ‘நியூ வேர்ல்டு’ கேமின் பீட்டாவின்போதும் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) இதே புகார்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 சிப் கொண்ட சில கார்டுகள் மெனு திரையிலேயே உயிரை விட்டன. செத்த தன் கார்டுகளை, அவற்றைத் தயாரித்த இவிஜிஏ நிறுவனம் ஆராய்ந்ததில், மாஸ்ஃபெட்களை (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்) சுற்றி சால்டரிங் மோசம். மெனுவில் ஃபிரேம் ரேட்டுக்குக் (நொடிக்கு எத்தனை படம் என்ற வேகம்) கடிவாளம் போடாதது கேமின் தப்பு. ஒழுங்கான கார்டு அதைத் தாங்கும்.

அதனால் புதுக் கார்டை வாரண்டி இருக்கும்போதே நன்றாக வேலை வாங்குங்கள். கார்டின் வெப்பத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்துவைத்து, கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஹாட்ஸ்பாட் வெப்பம் (சிப்பில் மிகவும் சூடான இடத்தின் வெப்பம்) சாதாரண ஜிபியு வெப்பத்தைவிட 30 டிகிரிக்கு மேல் எகிறினால், கூலர் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வையுங்கள்.

திரையில் கட்டம் கட்டமாக வண்ணம் தெறிக்கிறதா? கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலும் தெறித்தால் டிரைவர் காரணமில்லை. மானிட்டர் கேபிளை மாற்றியும் போகாவிட்டால் பெரும்பாலும் கார்டுதான்.

ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுக்காதீர்கள். ஸ்க்ரூ மேலிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டிக்கு ஆயிரம் சாக்கு வரும். பில்லையும் போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தத் தெர்மல் பேப்பர் சீக்கிரமே வெளுத்துப்போகும்.